ரொறன்ரோவுக்குப் புதிதா? பூங்காவிலிருந்து தொடங்குங்கள்

ரொறன்ரோவுக்கு வந்த முதல் கோடையில் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற் அறையில் இருந்தேன். யன்னல் என்று ஒன்று இருந்தது. அதன் வழியாகப் பக்கத்து வீட்டுக் காரின் சில்லுத்தான் தெரியும். வேலை இரவில், பகலில் நித்திரை வராது. ஒருநாள் மேல்வீட்டு அம்மா, "தம்பி, உள்ளுக்குள்ளேயே கிடவாமல் உந்தப் பார்க் பக்கம் ஒருக்கால் நடந்துபோட்டு வாரும்" என்றார். பார்க் என்றால் ஒரு ஊஞ்சல், ஒரு சறுக்கு மரம், நாலு வாங்கு என்று நினைத்துக்கொண்டு போனேன். தெரு முடிகிற இடத்தில் புல்வெளி. அதன் பின்னால் ஒரு இறக்கம். இறங்கினால் ஒரு ஆறு, இரு கரையிலும் காடு. மேலே பஸ் ஓடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. மூன்று மாதமாக அதற்கு ஐந்து நிமிட நடைத் தூரத்தில் படுத்திருக்கிறேன்.

இந்த நகரத்தில் 1,500க்கும் மேற்பட்ட பூங்காக்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு மதிலும் இல்லை, ரிக்கெற்றும் இல்லை, வாசலில் காவலாளியும் இல்லை. அதனாலேயே புதிதாக வந்தவர்கள் "இது யாருடைய காணியோ" என்று தயங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தயங்கவேண்டாம். பி.ஆர். என்ற நிரந்தர வதிவிட அட்டை இருக்கிறதா, எந்த விசாவில் வந்தீர்கள் என்று புல்லில் இருக்கிறவரை யாரும் கேட்பதில்லை. பேஸ்மென்றில் இருப்பவருக்கு வரவேற்பறை இல்லை என்றால், அது இதுதான்.

முதல் கிழமை: பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

கைபேசியில் வரைபடத்தைத் திறந்து வீட்டைச் சுற்றித் தேடுங்கள். சின்னச் சதுரமாகத் தெரியும் பச்சை பிள்ளைகளுக்கான பூங்கா. பாம்பு மாதிரி நெளிந்து நீளமாகப் போகும் பச்சை ஆற்றுப் பள்ளத்தாக்கு. இங்கே இதை 'ரவீன்' என்பார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் முதலில் தேடச் சொல்லுவேன்.

இவ்வளவு விலை போகிற நகரத்தில் இந்தப் பள்ளத்தாக்குகளில் மட்டும் ஏன் வீடு இல்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1954 ஒக்ரோபர் 15ஆம் திகதி இரவு ஹேசல் சூறாவளி ரொறன்ரோவைத் தாக்கியது. 81 பேர் இறந்தார்கள். அவர்களில் 35 பேர் ஹம்பர் ஆற்றங்கரையில் ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் இருந்தவர்கள். அதன் பிறகுதான் வெள்ளம் ஏறும் நிலத்தில் குடியிருப்பு வேண்டாம் என்று முடிவெடுத்து, அந்தக் காணிகளை வாங்கிப் பச்சையாக விட்டார்கள். அந்தத் தெருவில் வீடுகள் அடிபட்டுப் போன இடம் இன்று ரேமோர் பூங்கா. ஆகவே ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள்: கடும் மழை பெய்தால் அன்று ஆற்றோரப் பாதைக்கு இறங்கவேண்டாம். தண்ணீர் ஏறுவதற்கென்று விட்ட இடம் அது. ஏறும்.

முதல் நடைக்குப் பெரிய ஆயத்தம் தேவையில்லை. சாதாரண ஓட்டச் சப்பாத்து, ஒரு போத்தல் தண்ணீர், சார்ஜ் உள்ள போன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பூங்காக் கழிப்பறைகளில் பெரும்பாலானவை ஏறத்தாழ மே முதல் ஒக்ரோபர் வரைதான் திறந்திருக்கும். குழாய் உறைந்து வெடிக்கும் என்பதால் குளிர்காலத்தில் பூட்டிவிடுவார்கள், சிலதுதான் திறந்திருக்கும். குடிதண்ணீர்க் குழாயும் அப்படித்தான். வயதான பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்கள் வழியில் எந்தக் கோப்பிக் கடை, எந்த நூலகம் இருக்கிறது என்று முதலே பார்த்து வைப்பது நல்லது.

பூங்காக்கள் காலை 5:30 முதல் நள்ளிரவு வரை. பள்ளத்தாக்குப் பாதைகளில் பெரும்பாலும் விளக்கு இல்லை. யூன் மாதத்தில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்னமே இருட்டிவிடும். புதிதாக வந்தவர்களை ஏமாற்றுவது இந்த இரண்டாவதுதான். மூன்றரைக்கு நடக்கத் தொடங்கி, திரும்பும்போது போன் வெளிச்சத்தில் வந்த கதை எனக்கும் உண்டு.

பாதையில் வலப்பக்கம் ஒதுங்கி நடவுங்கள். ஊரில் வாகனம் இடப்பக்கம் ஓடுவதால் எங்களுடைய கால் தன்பாட்டில் இடப்பக்கம்தான் போகும். பின்னால் சைக்கிள் மணி கேட்டவுடன் எல்லோரும் வலது பக்கம் விலக, நாங்கள் மட்டும் நேரே சைக்கிளின் வழிக்குள் பாய்வோம். ஒரு மாதம் பிடிக்கும், பிறகு பழகிவிடும்.

நாய்க்குப் பயமா? எனக்கும் பயம். நாயைக் கட்டித்தான் கொண்டுவரவேண்டும், கயிறு இரண்டு மீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நகரச் சட்டம். அவிழ்த்துவிடுவதற்குத் தனி இடங்கள் இருக்கின்றன, அநேகமாக வேலி போட்டிருக்கும். ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டு "அது ஒன்றும் செய்யாது" என்று சிரித்தால், "எனக்குப் பயம், தயவுசெய்து கட்டுங்கள்" என்று சொல்லுங்கள். இங்கே அப்படிச் சொல்வது மரியாதைக் குறைவு இல்லை.

உடைந்த ஊஞ்சல், விழுந்த மரம், பாதையில் கண்ணாடி, எதுவென்றாலும் நகரசபையின் 311 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். 180க்கும் மேற்பட்ட மொழிகளில் இந்த வசதி இருக்கிறது. என் மாமியார் இங்கிலிஷ் ஒரு வசனம் கதைக்கமாட்டார். ஆனால் எங்கள் தெருப் பூங்காவில் எரியாமல் இருந்த விளக்கைப் பற்றி அழைத்துச் சொன்னவர் அவர்தான்.

முதல் மாதம்: பஸ் ஏறுங்கள்

கார் வாங்கும்வரை காத்திருக்கவேண்டாம். நகரப் பஸ், ரயில் சேவையான ரி.ரி.சி.யில் ஒரு முறை பிரெஸ்ரோ என்ற கட்டண அட்டையைத் தட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ்ஸும் மாறலாம், திரும்பியும் வரலாம். 12 வயது வரை பிள்ளைகளுக்குக் காசு இல்லை. பக்கத்துப் பூங்காவில் ஒரு மணி நேரம் காற்று வாங்கிவிட்டு அதே கட்டணத்தில் வீடு வந்து சேருகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் இடம் பிறிம்லி, லோரன்ஸ் சந்திக்குப் பக்கத்தில் உள்ள தொம்சன் மெமோரியல் பூங்கா. சமதரை, நிழல், வாங்குகள், நடுவில் ஒரு ஓடை. முழங்கால் வலிக்காரருக்கும் தள்ளுவண்டிக் குழந்தைக்கும் பொருந்தும். பழைய வீடுகளை வைத்து ஒரு சின்ன நூதனசாலையும் உள்ளே இருக்கிறது. அங்கிருந்து மின்கம்பிக் கோபுரங்களுக்குக் கீழால் போகும் புல்வெளிப் பாதையையும் பார்த்து வையுங்கள். 'மெடோவே' என்று பெயர். டொன் ஆற்றுப் பக்கத்திலிருந்து ரூஜ் வரை 16 கிலோமீற்றருக்கு அமைக்கும் திட்டம் அது. சைக்கிள்காரருக்குச் சொர்க்கம், ஆனால் வெயிலில் நிழல் கிடையாது.

அடுத்தது மோர்னிங்சைட் பூங்கா. எல்ஸ்மியருக்குத் தெற்கே, ஹை பார்க்கைவிடப் பெரியது, பேர் மட்டும் அவ்வளவு பிரபலமில்லை. ஹைலண்ட் கிறீக் ஓடை இதற்குள்ளால்தான் ஏரிக்குப் போகிறது. போவதென்றால் செப்ரெம்பர் கடைசி, ஒக்ரோபர் முதல் கிழமைகளில், மழை பெய்த மறுநாள் போங்கள். ஓடை முழங்கால் ஆழம் இருக்காது. அதில் முழங்கை நீளத்தையும் தாண்டிய சினுக் சமன் மீன்கள் முதுகு வெளியே தெரிய எதிர்நீச்சல் போடும். கல்லில் அடிபட்டு வாலெல்லாம் வெள்ளையாகத் தேய்ந்திருக்கும். ஒரு மீன் கல் அணை போல இருந்த இடத்தில் நாலு தரம் பாய்ந்து நாலு தரமும் பின்னுக்கு விழுந்தது. பக்கத்தில் நின்ற ஒரு சீனத் தாத்தா ஒவ்வொரு முறையும் "ஆ" என்றார். ஐந்தாம் தரம் ஏறியது, நானும் அவரும் கை தட்டினோம். முட்டை இட்டதும் அவை செத்துவிடும், ஓரத்தில் கிடந்து நாறும், அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லியே கூட்டிப் போங்கள். இவை இந்த ஏரியின் பழைய குடிகள் அல்ல. இங்கிருந்த அத்திலாந்திக் சமன் 1800களின் முடிவுக்குள் அழிந்துபோனது. பசிபிக் பக்கத்து இனங்களை 1960களின் இறுதியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். எங்களைப் போல வந்து குடியேறியவை என்று பகிடியாகச் சொல்லிக்கொள்வோம்.

ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா வேறு வகை. 2015இல் தனிச் சட்டம் போட்டு உருவாக்கிய, கனடாவின் முதல் தேசிய நகர்ப்புறப் பூங்கா. கிட்டத்தட்ட 79 சதுர கிலோமீற்றர். ஒன்ராறியோ ஏரிக்கரையில் தொடங்கி ஸ்காபரோ, மார்க்கம், பிக்கரிங் எல்லாம் தாண்டி வடக்கே அக்ஸ்பிறிட்ஜ் வரை போகிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. இங்கே பலர் குழம்புவது மிருகக்காட்சிசாலையோடு. பக்கத்தில் இருக்கும் ரொறன்ரோ சூவுக்குத்தான் காசு, காட்டுப் பாதைக்கு இல்லை. கென்னடி நிலையத்திலிருந்து வரும் 86 இலக்க பஸ்களில் சூ வரை போகிறது எது என்று நெற்றிப் பலகையைப் பார்த்து ஏறுங்கள். பாதைகளில் முதலில் விஸ்ரா என்பதை எடுங்கள். சின்னது, ஒரு மேடையில் நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். ஒக்ரோபர் நடுவில் மேப்பிள் இலைகள் சிவக்கும்போது அந்த மேடையில் நிற்க இடம் கிடைக்காது, காலை எட்டு மணிக்குப் போனால் தப்பிக்கலாம். ஏரி பக்கத்தால் போக விருப்பம் என்றால் ரூஜ் ஹில் கோ ரயில் நிலையத்தில் இறங்கி, கரையோரப் பாதையால் கிழக்கே நடந்தால் அரை மணி நேரத்துக்குள் ஆறு ஏரியில் கலக்கும் கடற்கரை வரும். கடற்கரை என்று கை தன்பாட்டில் எழுதுகிறது. ஏரிதான். மறுகரை தெரியாது, அலையும் அடிக்கும், வாயில் பட்டால் உப்பு மட்டும் இருக்காது.

ஸ்காபரோ என்ற பெயரே ஏரியோர மலைமுகத்தால் வந்தது. 1793இல் ஆளுநரின் மனைவி எலிசபெத் சிம்கோ இந்த வெள்ளை மண் பாறைகளைக் கண்டு, இங்கிலாந்தின் ஸ்காபரோ போல இருக்கிறது என்று அந்தப் பெயரைக் கொடுத்தார். 15 கிலோமீற்றர் நீளம், உயரமான இடத்தில் 90 மீற்றர். கீழே உள்ள புளஃபர்ஸ் பூங்காவில் நின்று நிமிர்ந்து பார்க்கலாம், மேலே வேலிக்கு இந்தப் பக்கம் நின்று குனிந்து பார்க்கலாம். ஏறவோ வேலியைத் தாண்டவோ வேண்டாம். அது பாறை மாதிரித் தெரியும், ஆனால் களியும் மணலும். விளிம்பு திடீரென்று கழன்று விழும். ஒவ்வொரு வருடமும் படமெடுக்கப் போய் இடையில் மாட்டியவர்களைத் தீயணைப்புப் படை கயிறு போட்டு இறக்குகிறது. 5,000 டொலர் வரை அபராதமும் உண்டு. கோடை ஞாயிறு மதியம் காரில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பிறிம்லி வீதியின் கடைசித் துண்டு ஒடுங்கிய செங்குத்து இறக்கம், பார்க்கிங் நிரம்பியதும் வீதியையே மறித்துவிடுவார்கள். பத்து மணிக்கு முன் போங்கள், இல்லாவிட்டால் மாலை ஆறுக்குப் பிறகு.

தண்ணீரில் இறங்குவதென்றால் உயிர்காப்பாளர் நிற்கும் இடத்தில், அவர் நிற்கும் நேரத்தில் மட்டும். கோடையில் நகரம் நாளாந்தம் தண்ணீரைச் சோதித்து நல்லதா இல்லையா என்று அறிவிக்கும். பெருமழைக்குப் பிறகு ஓரிரு நாள் விட்டுப் போவதே புத்தி. யூலையிலும் இந்த ஏரி சில நாள் ஐஸ் தண்ணீர்தான். ஊர்க் கேணியில் நீந்தினவர் என்ற துணிவு இங்கே எடுபடாது. வெறும் குளிப்புத்தான் வேண்டும் என்றால் நகரத்தின் திறந்தவெளி நீச்சல் குளங்கள் இலவசம். சின்னப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பீச்சும் விளையாட்டு இடங்களும் இலவசம், துவாய் மட்டும் கொண்டுபோங்கள்.

டவுன்ரவுன் பக்கம் இரண்டு இடம் போதும், மற்றதெல்லாம் தானாகத் தெரியவரும். ஹை பார்க்குக்கு அதே பெயரில் சுரங்க ரயில் நிலையம் இருக்கிறது. நாலு நூறு ஏக்கர். ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் செரிப் பூ. 1959இல் ரோக்கியோ மக்கள் தந்த 2,000 மரங்கள்தான் ஆரம்பம். பூ நிற்பது ஒரு கிழமை, பத்து நாள். அந்த நாட்களில் காரை உள்ளே விடமாட்டார்கள், கொண்டுபோகவும் வேண்டாம். படத்துக்காகக் கிளையை வளைக்காதீர்கள். மல்லிகைக் கொடி திரும்பித் துளிர்ப்பதுபோல அது துளிர்க்காது.

மற்றது தீவு. பே வீதியின் தெற்கு முனையில் உள்ள ஜாக் லேற்றன் படகுத் துறையில் ஏறினால் கால் மணி நேரத்தில் மறுகரை. அங்கிருந்து திரும்பிப் பார்த்தால்தான் படங்களில் காணும் அந்த ரொறன்ரோ தெரியும். நகரப் பக்கத்தில் வாங்கும் ரிக்கெற்றிலேயே திரும்பி வரும் பயணமும் அடங்கும், தீவில் யாரும் மறுபடி காசு கேட்கமாட்டார்கள். நீண்ட வார இறுதிகளில் வரிசை வெயிலில் ஒரு மணி நேரம் நிற்கும். ரிக்கெற்றை முதலே இணையத்தில் எடுத்துவிட்டு முதல் படகுகளில் ஒன்றைப் பிடியுங்கள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கியவுடனேயே பார்த்து வையுங்கள். சாப்பாடும் கட்டிக்கொண்டு போங்கள். குளிர்காலத்தில் வார்ட்ஸ் ஐலண்ட் படகு மட்டும் ஓடும்.

பிறந்தநாள், ஒன்றுகூடல்: அனுமதி எடுக்காமல் அடுப்பு மூட்டாதீர்கள்

இதை அனுபவத்தில் சொல்லுகிறேன். மகளின் ஐந்தாவது பிறந்தநாளுக்குச் சொந்தக்காரர் நாற்பது பேரைப் பூங்காவுக்கு அழைத்தோம். எந்தப் பூங்கா என்பது வேண்டாம். கூரை போட்ட இடம் ஒன்று வெறுமனே கிடந்தது. பலூன் கட்டி, மேசையில் புரியாணிச் சட்டியையும் ரோல்ஸ் தட்டையும் வைத்து, கேக் வெட்ட மாமா வரட்டும் என்று பார்த்திருந்தோம். பதினொன்றரைக்கு ஒரு பிலிப்பைன்ஸ் குடும்பம் வந்தது, அறுபது பேர் இருக்கும். அந்த அக்கா ஒரு தாளை நீட்டினார். அன்று பதினொன்று முதல் ஐந்து வரை அந்த இடம் அவர்களுக்கு. சண்டையே இல்லை, அவர்களே சட்டியைத் தூக்க உதவினார்கள். ஆனாலும் பலூன் கட்டின கயிறை அவிழ்த்து அவிழ்த்து நாங்கள் ஒரு மரநிழல் தேடி நடந்த நடை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அத்தை அதைப் "பார்க்கில் இருந்து இடம்பெயர்ந்த கதை" என்று சொல்லிச் சிரிப்பார். இடம்பெயர்வு என்ற சொல்லை அவர் பகிடிக்குப் பாவித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

25 பேருக்கு மேல் கூடுகிறீர்கள் என்றால் நகரத்திடம் பிக்னிக் அனுமதி எடுக்கவேண்டும். கட்டணம் உண்டு, பெரிதில்லை. யூன், யூலை சனி ஞாயிறுகளுக்கு நல்ல இடங்கள் குளிர்காலத்திலேயே போய்விடும். ஆகவே திகதி நிச்சயமானவுடனே 311க்கு அழைத்து, எத்தனை பேர், கூரை வேண்டுமா, கழிப்பறை பக்கத்தில் இருக்கிறதா, மின்சாரம் உண்டா என்று கேளுங்கள். துள்ளுகிற காற்று வீடு, ஒலிபெருக்கி எல்லாம் தனி அனுமதி. "கொஞ்சச் சத்தம்தானே" என்று எங்கள் ஆட்கள் வைக்கிற பாட்டு கொஞ்சச் சத்தம் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். அனுமதித் தாளை அச்செடுத்து, சமையல்காரர் கையில் இல்லாமல் முதலில் போய் இடம்பிடிக்கிறவர் கையில் கொடுங்கள்.

அடுப்பு விஷயம்: சில பூங்காக்களில் கரி அடுப்பு நிரந்தரமாக நட்டிருக்கும், பிக்னிக் பகுதிகளில் உங்களுடையதைக் கொண்டுபோயும் வைக்கலாம். மற்ற இடங்களில் கூடாது. தரையில் விறகு மூட்டுவது அறவே கூடாது, அதற்கென்று கட்டிய தீக்குழிக்கே தனி அனுமதி வேண்டும். எரிந்து முடிந்த கரியை மரத்தடியில் கொட்டவேண்டாம், சாதாரணக் குப்பைத் தொட்டியிலும் போடவேண்டாம். இரண்டும் மெல்ல மெல்லப் பற்றி எரியும். சூட்டுக் கரிக்கென்று தனித் தொட்டி இருக்கும், இல்லையென்றால் தண்ணீர் ஊற்றி நன்றாக ஆறவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள். பியர் விஷயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். குறிப்பிட்ட சில பூங்காக்களில் மட்டும் அனுமதி இருக்கிறது, அறிவித்தல் பலகை இல்லாத இடத்தில் போத்தலைத் திறக்காதீர்கள்.

கிரிக்கெட் ஆடுகிற பெடியளுக்கு: மட்டையும் ரெனிஸ் பந்துமாக வெறும் புல்வெளியில் பத்துப் பேர் ஆடினால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். விரிப்புப் போட்ட ஆடுகளம் வேறு. சணிபுறூக் பூங்காவில் இருப்பது போன்றவை அணிகளுக்குப் பதிவாகியிருக்கும். தோல் பந்தோடு போய் இடம் பிடிக்கப் பார்த்தால் வாய்த்தர்க்கத்தில்தான் முடியும்.

பறிக்காதீர்கள், போடாதீர்கள், தொடாதீர்கள்

வசந்தத்தில் பள்ளத்தாக்கு முழுவதும் ஏதோ ஒரு கீரை தளதளவென்று நிற்கும். அம்மாமார் கண்டால் கை சும்மா இராது. ஆனால் நகரப் பூங்காக்களில் கீரை, காளான், பூ, காய் எதையும் பறிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. மே மாதத்தில் மூன்று இதழோடு வெள்ளையாகப் பூக்கும் ரிலியம் ஒன்ராறியோவின் மாகாணப் பூ, அது விதையிலிருந்து பூக்க ஏழெட்டு வருடமாவது ஆகும். காளானைப் பற்றிச் சட்டத்தை விடுங்கள், உயிரை நினையுங்கள். ஊர்க் காளான் மாதிரியே இருக்கும் நச்சுக் காளான் இங்கே உண்டு.

விலங்குகளுக்குச் சாப்பாடு போடுவதும் தடை, 2023இலிருந்து. காகத்துக்கு வைத்துவிட்டுச் சாப்பிடுகிற சனத்துக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால் பாண் துண்டு போட்டுப் பழகிய கூஸ் வாத்து, பிள்ளையின் கையிலிருக்கும் பிஸ்கற்றையும் பறிக்கும். சாப்பாட்டு ருசி கண்ட கயோட்டி, நரி மாதிரி ஒரு காட்டு விலங்கு, மனிதருக்குக் கிட்ட வரும். கயோட்டியைக் கண்டால் ஓடவேண்டாம், முதுகைக் காட்டவும் வேண்டாம். கையை உயர்த்திச் சத்தம் போட்டு மெல்லப் பின்வாங்குங்கள், சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள். நான் இரண்டு தரம் கண்டிருக்கிறேன். இரண்டு தரமும் என்னைவிட அதற்குத்தான் அவசரம்.

மூன்று மூன்று இலையாக, பளபளவென்று தரையோடு படர்ந்து நிற்கும் செடி ஒன்று உண்டு. பொய்சன் ஐவி. ஊரில் காஞ்சோண்டி பட்டால் அந்த நேரம் எரிந்து அடங்கும். இது அன்று ஒன்றும் செய்யாது, மறுநாள் அல்லது அதற்கடுத்த நாள் கொப்புளமாகக் கிளம்பி இரண்டு கிழமை சொறிய வைக்கும். பட்டது என்று சந்தேகம் வந்தாலே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், உடுப்பையும் தோயுங்கள்.

அதைவிடக் கவனிக்கவேண்டியது உண்ணி. ரூஜ், மோர்னிங்சைட் பக்கக் காடுகளில் லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி இருக்கிறது, எள்ளுப் போல் சின்னது. நீளக் காற்சட்டை, அதன் அடியைச் சொக்சுக்குள் செருகுவது, பாதையை விட்டு உயரப் புல்லுக்குள் இறங்காமல் இருப்பது, இவ்வளவும் போதும். அழகாக இருக்காது, பரவாயில்லை. வீடு வந்ததும் குளித்து, முழங்கால் மடிப்பு, அக்குள், பிள்ளைகளின் காதுக்குப் பின்புறம், தலைமுடிக்குள் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூரான சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேரே இழுங்கள். எண்ணெய் விடுவது, நெருப்புக்குச்சியால் சுடுவது எல்லாம் வேண்டாம். கெதியாக எடுத்தால் ஆபத்துக் குறைவு. பிறகு மருந்துக் கடைக்குப் போய்க் காட்டுங்கள். ஒன்ராறியோவில் மருந்தாளரே தேவைப்பட்டால் தடுப்பு மருந்து எழுதித் தரலாம், டொக்டர் கிடைக்கவில்லை என்று இருந்துவிடாதீர்கள்.

மீன் பிடிக்க விருப்பமா? 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கு ஒன்ராறியோ உரிமம் வேண்டும். ஓடையில் சமன் ஏறும் காலத்தில் பிடிக்கத் தடையுள்ள இடங்கள் உண்டு. கையால் அள்ளப் போய் அகப்பட்ட ஆட்களின் கதைகளை நீங்கள் கேட்டிருக்கலாம், அந்தப் பட்டியலில் சேரவேண்டாம்.

தோட்டக் காணி

பேஸ்மென்றில் இருந்தாலும் கத்தரி நடலாம். நகரம் பூங்காக்களுக்குள் சின்னச் சின்னத் துண்டாகக் காணி பிரித்து, பருவத்துக்கு ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுக்கிறது. கேட்பவர்கள் அதிகம், காத்திருப்போர் பட்டியல் நீளம். ஆகவே நடும் எண்ணம் இல்லாவிட்டாலும் வந்த வருடமே பெயரைக் கொடுத்து வையுங்கள். கூட்டாகச் செய்யும் சமூகத் தோட்டங்களில் அதற்கு முன்னமே இடம் கிடைக்கக்கூடும், வாரத்தில் ஒருநாள் போய்ப் புல் பிடுங்கினால் போதும். எங்களுக்குக் கிடைத்த துண்டில் மிளகாய், வெண்டி, பாகல் மூன்றும் காய்த்தன. முருங்கை மட்டும் ஒக்ரோபரில் கண் முன்னாலேயே கருகியது. கன்றுகளை மே மாத விக்ரோறியா டே நீண்ட வார இறுதிக்கு முன் வெளியே நடவேண்டாம். ஏப்ரலில் இரண்டு நாள் நல்ல வெயில் எறிக்கும், அதை நம்பி நட்ட கத்தரி எல்லாம் மூன்றாம் நாள் பனிக்குப் பலி.

குளிர் வந்த பிறகு

நவம்பரோடு பூங்காவை மறந்துவிடுகிறவர்கள்தான் எங்கள் ஆட்களில் அதிகம். நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான். கடைசியில் என்னை வெளியே இழுத்தது மகள். நவம்பர் கடைசி முதல் மார்ச் நடு வரை நகரம் பூங்காக்களில் திறந்தவெளிப் பனித்தளங்கள் நடத்துகிறது, சறுக்க இலவசம். சப்பாத்தைப் பழைய சாமான் விற்கும் கடையில் வாங்குங்கள், ஒரு அளவு பெரிதாக வேண்டாம், சறுக்குச் சப்பாத்து இறுக்கமாக இருக்கவேண்டும். தலைக்கவசம் கட்டாயம் போடுங்கள், பெரியவர்களும்தான், நாங்கள்தான் பின்பக்கமாக விழுவோம். பனிச்சறுக்குப் பலகையோடு மேட்டுக்குப் போகிறவர்கள் அங்கே தடைப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். மரமும் வேலியும் கிட்ட இருக்கும் மேடுகளில் நகரம் தடுத்திருக்கிறது. பள்ளத்தாக்குப் பாதைகள் பலவற்றில் பனி அள்ளமாட்டார்கள். சப்பாத்தின் அடியில் மாட்டும் இரும்புப் பல் பட்டி ஒன்று வாங்கினால் விழாமல் நடக்கலாம்.

வெளியே நிற்கவே முடியாத பெப்ரவரி நாளுக்கு ஒரு இடம் இருக்கிறது. கொலேஜ் நிலையத்தில் இறங்கிக் கிழக்கே போகும் 506 ஸ்ரீற்கார் பிடித்தால் அலன் கார்டின்ஸ். உள்ளே 1910இல் கட்டிய கண்ணாடி மாளிகை, இலவசம். கதவைத் திறந்தவுடன் கண்ணாடி போட்டவர்களுக்கு ஒன்றுமே தெரியாது, ஆவி படர்ந்துவிடும். துடைக்காமல் அப்படியே ஒரு நிமிடம் நில்லுங்கள். ஈர மண் மணம்தான் முதலில் வரும், பிறகு மெல்ல வாழை இலை தெரியும். கோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருக்கவேண்டி வரும், ஆகவே ஒரு துணிப்பை கொண்டுபோங்கள். பகல் பத்து மணி முதல் ஐந்து மணி வரை. வாங்குகள் கொஞ்சம்தான், வயதானவர்களோடு போனால் ஒரு வார நாளில் போங்கள்.